மூளையில் கட்டி என்று ரிப்போர்ட் வந்த பிறகு: யாரிடம் கேட்பது, எதைத் தேடுவது

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ எம்ஆர்ஐ எடுத்துவிட்டு வெளியே வந்ததும் பலரும் செய்கிற முதல் வேலை, ரிப்போர்ட்டின் கடைசிப் பத்தியைக் கைப்பேசியில் தட்டிப் பார்ப்பது. 'ஸ்பேஸ் ஆக்குபையிங் லீஷன்' என்றோ 'கிளையோமாவாக இருக்கலாம்' என்றோ அதில் எழுதியிருக்கும். பஸ் ஏறுவதற்குள் குடும்பத்தில் எல்லாருக்கும் 'எத்தனை மாசமாம்?' என்ற கேள்வி வந்துவிடும். அந்தக் கேள்விக்கு அன்றைக்கு யாரிடமும் பதில் கிடையாது, ஸ்கேன் பார்த்த டாக்டரிடம்கூட.

என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டியின் முழுப்பெயரும் அதன் தரமும் கைக்கு வரும்வரை நோயைப் பற்றி இணையத்தில் தேடாதீர்கள். அதுவரை நீங்கள் படிப்பதெல்லாம் வேறு யாரோ ஒருவருடைய நோயைத்தான். அந்த நாட்களில் தேட வேண்டியது ஆட்களை: சரியான டாக்டர், காப்பீட்டுக்கு அலையத் தெம்புள்ள ஒருவர், ராத்திரி ஆஸ்பத்திரியில் படுக்க ஒருவர். பெயர் தெரிந்த பிறகு தாராளமாகத் தேடலாம், அப்போது தேடுவது உதவும்.

ஸ்கேன் சொல்வதும் சொல்லாததும்

கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது, சுற்றிலும் வீக்கம் உண்டா, நரம்பில் மருந்து ஏற்றி எடுத்தபோது எந்தப் பகுதி பளிச்சென்று தெரிந்தது என்பதையெல்லாம் எம்ஆர்ஐ நன்றாகக் காட்டும். அது என்ன வகைக் கட்டி என்பதைப் பல நேரங்களில் ஊகிக்கத்தான் முடியும். நம் நாட்டில் இந்த ஊகத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மூளையில் வரும் காசநோய்க் கட்டியும், நாடாப்புழுவின் முட்டை உணவோடோ தண்ணீரோடோ வயிற்றுக்குள் போய் அதனால் மூளையில் உண்டாகும் சிறு நீர்க்கட்டியும் ஸ்கேனில் வளையமாகத் தெரியும். சில புற்றுக்கட்டிகளும் அதே மாதிரிதான் தெரியும். முன்னவை இரண்டும் பெரும்பாலும் மருந்திலேயே கரையக்கூடியவை. அதனால்தான் 'கட்டி' என்று கேட்டதுமே டாக்டர் நெஞ்சுப் படம், சளி, ரத்தம் என்று வேறு சோதனைகளுக்கு எழுதுகிறார். நுரையீரலிலோ மார்பகத்திலோ தொடங்கிய புற்று மூளைக்குப் பரவியிருக்கிறதா என்று பார்ப்பதற்கும் இவை தேவை. 'தலையில் நோய், எதுக்கு நெஞ்சைப் படம் எடுக்கிறாங்க, பில்லைக் கூட்டவா?' என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

மூளையிலேயே தொடங்கும் கட்டிகளில் பல வகை உண்டு. மூளையைப் போர்த்தியிருக்கும் உறையில் வருவது மெனிஞ்சியோமா. பெண்களுக்கு அதிகம் வரும், பெரும்பாலும் மெதுவாக வளரும், புற்றாக இருப்பது குறைவு. சின்னதாக, தொந்தரவு தராமல் இருந்தால் ஆபரேஷனே செய்யாமல் அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கவனித்து வருவார்கள். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வரும் கட்டிகளில் ஒரு வகை, புரோலாக்டின் என்ற ஹார்மோனைச் சுரப்பது, பெரும்பாலும் மாத்திரையிலேயே சுருங்கிவிடும். அதே சுரப்பியின் மற்றக் கட்டிகளை மூக்கு வழியாகவே எடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. காதுக்குப் போகும் நரம்பின் மேல் வளர்வது இன்னொன்று, ஒரு காது மட்டும் மந்தமாவதில் அது தொடங்கும். குழந்தைகளுக்குச் சிறுமூளைப் பக்கம் வரும் மெடுல்லோபிளாஸ்டோமா தனி ரகம், அதற்குச் சிகிச்சை முறையே வேறு. எல்லாரும் பயப்படுகிற கிளையோமா, மூளையில் நரம்புச் செல்களுக்குத் துணையாக இருக்கும் செல்களில் வருவது. அதிலும் மெதுவாகப் போவதும் உண்டு, வேகமாகப் போவதும் உண்டு.

'நெல்லு போட்டிருக்கேன்' என்று சொன்னால் நம் பக்கத்தில் யாரும் அதோடு விடமாட்டார்கள். ஏடிடி 36-ஆ, சிஆர் 1009-ஆ என்று கேட்பார்கள். முதலாவது 110 நாளில் அறுப்புக்கு வந்துவிடும், இரண்டாவது ஐந்து மாதத்துக்கு மேல் வயலில் நிற்கும், தண்ணீர்க் கணக்கும் உரக் கணக்கும் வேறு வேறு. 'மூளைக்கட்டி' என்பதையும் அப்படித்தான் கேட்க வேண்டும்: என்ன ரகம்?

அந்த ரகத்தைச் சொல்வது பயாப்சி. கட்டியிலிருந்து எடுத்த சதையை நுண்ணோக்கியில் பார்த்து உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டின்படி 1 முதல் 4 வரை தரம் போடுவார்கள். 1 மெதுவானது, 4 வேகமானது. 2016-ல் தொடங்கி, 2021-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் இன்னும் விரிவாக, கிளையோமா போன்ற பல கட்டிகளுக்கு மரபணுச் சோதனைகளையும் சேர்த்துத்தான் பெயர் வைக்கிறார்கள். ஐடிஎச் மாற்றம் உண்டா, 1பி/19க்யூ இழப்பு உண்டா, எம்ஜிஎம்டி நிலை என்ன என்று ரிப்போர்ட்டில் வரிகள் இருக்கும். நுண்ணோக்கியில் ஒன்றுபோலவே தெரியும் இரண்டு கட்டிகளில் ஐடிஎச் மாற்றம் உள்ளவருக்குப் பொதுவாகக் கூடுதல் காலம் கிடைக்கிறது. பயாப்சி தாளில் இந்த வரிகள் இல்லையென்றால் 'இந்தச் சோதனை என் கட்டிக்குத் தேவையா, எங்கே செய்யலாம்?' என்று கேட்பது நியாயமான கேள்வி.

ஒரு விஷயம் கூடவே. ஊரில் 'நாலாவது ஸ்டேஜாம்' என்று பேச்சு கிளம்பும். மற்றப் புற்றுநோய்களில் ஸ்டேஜ் என்பது உடம்பில் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்ற அளவு. மூளையில் தொடங்கும் கட்டிகள் உடம்பின் மற்றப் பாகங்களுக்குப் பரவுவது மிக அரிது. இங்கே போடுவது தரம்தான். தரம் 2 என்பதை 'ரெண்டாவது ஸ்டேஜ்' என்று எடுத்துக்கொண்டு, அடுத்தது மூன்று என்று நாள் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

தகவலுக்குக் காத்திருக்கக் கூடாத நேரம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தலைவலியோடு விடாமல் வாந்தி, எழுப்பினாலும் மயக்கமாகவே இருப்பது, திடீரென்று ஒரு பக்கம் கைகால் விழுவது, பார்வை மங்கிக்கொண்டே போவது, வலிப்பு நிற்காமல் போவது. இவற்றில் எது வந்தாலும் அப்பாயின்ட்மென்ட் தேதியைப் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் ஸ்பூன், துணி எதையும் திணிக்காதீர்கள். கையில் சாவிக்கொத்தைக் கொடுப்பதால் எந்தப் பயனும் இல்லை. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் ஆஸ்பத்திரிதான். வலிப்புக்கான மாத்திரையை 'இப்பதான் வரலையே' என்று நிறுத்துவதுதான் மறுபடி வருவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று.

டெல்டாவில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. வலிப்பு வந்தவர் டாக்டர் சரி என்று சொல்லும்வரை வண்டியோ டிராக்டரோ ஓட்டக் கூடாது என்பது பலருக்குத் தெரியும். ஆற்றிலும் வாய்க்காலிலும் தனியாகக் குளிக்கக் கூடாது, தென்னை ஏறக் கூடாது, பம்புசெட்டுத் தொட்டியில் ஆளில்லாத நேரம் இறங்கக் கூடாது என்பதை ஆஸ்பத்திரியில் யாரும் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கு நம் வீட்டுக் கொல்லையில் வாய்க்கால் ஓடுவது தெரியாது. முழங்கால் தண்ணீரே போதும் ஆபத்துக்கு.

இரண்டே நாளில் எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்றால்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் அதிகம் பேர் தவறிப்போவது இங்கேதான்.

கட்டியைச் சுற்றி மூளையில் நீர் கோர்த்து வீங்கும். தலைவலி, தள்ளாட்டம், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் பாதி அந்த வீக்கத்தால் வருவதாகவும் இருக்கலாம். அதைக் குறைக்க டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பார்கள். ஊசியோ மாத்திரையோ, இரண்டு மூன்று நாளிலேயே ஆள் தெளிந்துவிடுவார். தூக்கிக்கொண்டு போனவர் தானாக நடந்து வந்து டீ கேட்பார். நன்றாகப் பசிக்கும், முகம்கூட உப்பிக்கொண்டு தேறிய மாதிரித் தெரியும்.

உடனே வீட்டில் இரண்டு விதமான முடிவுகள் பிறக்கும். 'நோயே இல்லை, அவங்கதான் ஆபரேஷன்னு பயமுறுத்தினாங்க' என்பது ஒன்று. அந்த நேரத்தில் யாரோ கொடுத்த கஷாயமோ, கட்டிய மந்திரக் கயிறோ வேலை செய்துவிட்டது என்பது மற்றது. இரண்டு முடிவிலும் அடுத்த ஓபி தேதிக்குப் போக மாட்டார்கள். ஆனால் ஸ்டீராய்டு வீக்கத்தைத்தான் வடிய வைத்தது. பெரும்பாலான கட்டிகள் அப்படியேதான் இருக்கும்.

அதைவிட மோசம், 'சரியாகிவிட்டதே' என்று அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது. கொஞ்ச நாள் தொடர்ந்து ஸ்டீராய்டு சாப்பிட்ட உடம்பு, தானே சுரக்க வேண்டியதைக் குறைத்துக்கொண்டுவிடும். சட்டென நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து ஆளே சரிந்துவிடலாம், வீக்கமும் திரும்ப வரும். டாக்டர் எழுதிக்கொடுத்தபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இது சர்க்கரையை ஏற்றும். ஏற்கெனவே சர்க்கரை உள்ளவருக்கு அடிக்கடி அளவு பார்க்க வேண்டும். வயிற்றெரிச்சலுக்குத் தனியாக ஒரு மாத்திரை சேர்த்திருப்பார்கள், அதை விட்டுவிடாதீர்கள். தூக்கம் கெடுகிறது என்றால் கடைசி வேளையை மாலைக்கு முன்பே கொடுக்கலாமா என்று கேளுங்கள்.

யாரிடம் போவது

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று எந்த மாவட்டமானாலும் பெரும்பாலோருக்கு முதல் பெரிய வாசல் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ். 1959-ல் தொடங்கிய கல்லூரி அது. மேற்கே திருச்சியில் அரசு மருத்துவமனையும் தனியார் மருத்துவமனைகளும் உண்டு. காரைக்கால் பக்கத்துக்காரர்களுக்கு ஜிப்மர், புதுச்சேரி. சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. 1950-ல் டாக்டர் பி. ராமமூர்த்தி மூளை அறுவைப் பிரிவைத் தொடங்கியது அந்த ஜெனரல் ஆஸ்பத்திரியில்தான். அதற்கு ஓராண்டு முன்பே, 1949-ல், வேலூர் சிஎம்சியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் மூளை அறுவைத் துறையைத் தொடங்கியிருந்தார். புற்று என்று உறுதியானால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954-ல் உருவானது. மூளை, நரம்பு நோய்களுக்கும் மனநலத்துக்கும் பேர்போன பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியும் நம் பக்கத்துக்கு அவ்வளவு தூரமில்லை. மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகப் பெங்களூரு போகிற மைசூர் ரயில் தினமும் உண்டு. வேலூருக்கு மன்னார்குடியிலிருந்து திருப்பதி போகும் பாமணி எக்ஸ்பிரஸ் காட்பாடியில் நிற்கும், ஆனால் தினசரி கிடையாது.

'எது பெஸ்ட்?' என்று கேட்டுக்கொண்டே மூன்று வாரம் ஓட்டிவிடுகிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், மூளை அறுவை நிபுணர், கதிர்வீச்சு நிபுணர், மருந்துச் சிகிச்சை நிபுணர், நோய்க்குறியியல் நிபுணர் ஆகிய நால்வரும் ஒன்றாக உட்கார்ந்து உங்கள் படத்தைப் பார்க்கும் இடம் நல்ல இடம். டியூமர் போர்டு என்பார்கள். 'எங்கள் கேஸை போர்டில் வைப்பீர்களா?' என்று கேட்கலாம்.

தூரத்தையும் கணக்கில் வையுங்கள். ஆபரேஷன் ஒரு தடவை. கதிர்வீச்சு, அதாவது ஊர்ப்பேச்சில் கரண்ட் வைப்பது, வேகமான கிளையோமாக்களுக்குப் பொதுவாக வாரம் ஐந்து நாள் வீதம் ஆறு வாரம் நடக்கும். அதில் மின்சாரம் உடம்பில் பாய்வதில்லை, வலிக்காது, ஒருநாள் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் அந்தச் சில நிமிடத்துக்காக ஒன்றரை மாதம் வெளியூரில் அறை எடுத்துத் தங்க வேண்டும். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து குறுவை நடவு தொடங்கும் நேரத்தில் வீட்டின் இரண்டு ஆட்கள் சென்னையில் உட்கார்ந்திருப்பது எல்லாக் குடும்பத்துக்கும் முடியாது. ஆபரேஷன் பெரிய இடத்தில் செய்துகொண்டு, கதிர்வீச்சைத் தஞ்சையிலோ திருச்சியிலோ வைத்துக்கொள்ள முடியுமா என்று ஆரம்பத்திலேயே கேளுங்கள். பல டாக்டர்கள் கடிதம் கொடுத்து அனுப்புவார்கள். இதைக் கேட்க வெட்கப்பட ஒன்றுமில்லை.

டாக்டர் எதிரே உட்கார்ந்ததும் கேட்க நினைத்ததெல்லாம் மறந்துபோகும். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி முதல் நாளே எழுதிவையுங்கள். கட்டி எந்தப் பக்கம், அந்த இடம் எந்த வேலையைப் பார்க்கிறது? முழுதாக எடுக்க முடியுமா, கொஞ்சம் விட்டுவைப்பீர்களா? எடுத்த பிறகு பேச்சோ நடையோ பாதிக்கலாமா, அது திரும்புமா? இப்போதே செய்ய வேண்டுமா, ஒரு மாதம் பொறுத்தால் என்ன ஆகும்? செய்யாவிட்டால்? இந்த ஐந்துக்கும் பதிலை அதே நோட்டில் எழுதுங்கள். கூடப் போகிறவர் எழுதட்டும், நோயாளி பேசட்டும். மருந்துப் பெயர், அளவு, வலிப்பு வந்த தேதியும் நேரமும் அந்த நோட்டிலேயே போகட்டும்.

இன்னொரு டாக்டரிடம் கேட்பது முதல் டாக்டரை அவமதிப்பது ஆகாது. ஆனால் வெறும் ரிப்போர்ட் தாளைக் கொண்டுபோனால் அவர் மறுபடி ஸ்கேன் எழுதுவார். படம் பதிந்த சிடி வேண்டும், அதுதான் அவர் கணினியில் திருப்பித் திருப்பிப் பார்க்கக்கூடியது. பயாப்சி முடிந்திருந்தால் கண்ணாடி ஸ்லைடுகளையும், சதையை மெழுகில் பதித்த பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் குறிப்பு இரண்டும் வேண்டும். கேட்ட 72 மணி நேரத்துக்குள் நோயாளியின் ஆவணங்களைத் தர வேண்டும் என்பது 2002-ம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளிலேயே இருக்கிறது. எழுத்தில் கேளுங்கள், நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். எங்கள் சொந்தத்தில் ஒருவருக்கு பிளாக் கிடைக்க 'நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்க' என்று இழுத்தடித்தார்கள். எழுத்தில் கொடுத்த பிறகு மதியமே கிடைத்தது. அவ்வளவு தூரம் போகவே முடியாதவர்களுக்கு, மும்பை டாடா மெமோரியலும் தேசிய புற்றுநோய் கூட்டமைப்பும் சேர்ந்து இணையவழி நிபுணர் கருத்து வழங்குகின்றன. ஆவணங்களை ஏற்றினால் எழுத்தில் பதில் வரும்.

பணம்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிவு செய்துகொள்ளலாம். வருமானச் சான்றுக்கு விஏஓவைப் பார்க்க வேண்டியிருக்கும், அதனால் ரிப்போர்ட் வந்த வாரத்திலேயே இந்த வேலையை யாராவது ஒருவர் தொடங்கிவிடுவது நல்லது. திட்டத்தில் ஆஸ்பத்திரி முன்அனுமதி வாங்கிய பிறகுதான் ஆபரேஷன். கையிலிருந்து கட்டிவிட்டு அப்புறம் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். உங்கள் ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கிறதா, உங்கள் சிகிச்சையை அந்த ஆஸ்பத்திரியில் திட்டத்தின் கீழ் செய்வார்களா என்று 1800 425 3993-ல் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டும் வேறு வேறு கேள்வி. காரைக்கால்காரர்களுக்கு இந்த அட்டை கிடையாது, அவர்கள் புதுச்சேரி அரசின் வழியில் போக வேண்டும்.

போக்குவரத்து, வெளியூர்த் தங்கல், கூட இருப்பவர் சாப்பாடு ஆகியவை பெரும்பாலும் காப்பீட்டில் வராது. குடும்பங்கள் கடனில் விழுவதில் இதுவும் பெரிய பங்கு. புற்றுநோய் என்று சான்று இருந்தால் ரயிலில் சலுகை உண்டு. சிகிச்சைக்குப் போகும் நோயாளிக்குத் தூங்கும் வசதிப் பெட்டியில் கட்டணம் இல்லை, துணைக்குப் போகிறவருக்கும் பெருமளவு கழிவு உண்டு. அதற்கான படிவத்தை ஆஸ்பத்திரியில் நிரப்பித் தருவார்கள். கை கால் பாதிப்போ பார்வைக் குறைவோ நிலைத்துவிட்டால் 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.

பெரிய ஆஸ்பத்திரிகளில் மருத்துவ சமூகப் பணியாளர் என்று ஒருவர் இருப்பார். அறக்கட்டளை உதவி, குறைந்த வாடகை அறை, எந்த மேஜையில் எந்தக் கையெழுத்து என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். வார்டு சிஸ்டரிடம் கேட்டால் அறையைக் காட்டுவார். பலர் மாதக்கணக்கில் அங்கேயே இருந்தும் அவரைப் பார்த்ததே இல்லை.

இணையம், வாட்ஸ்அப், வைத்தீஸ்வரன்கோயில்

பெயர் கைக்கு வந்ததா? இப்போது தேடுங்கள். பெயரோடு தரத்தையும் சேர்த்துத் தேடுங்கள். யார் எழுதியது, எந்த ஆண்டு எழுதியது என்று பாருங்கள். 2021-க்கு முந்தைய பக்கங்களில் கட்டிகளின் பெயர்களே மாறியிருக்கலாம். அமெரிக்காவின் பிரெயின் டியூமர் அசோசியேஷன், பிரிட்டனின் பிரெயின் டியூமர் சாரிட்டி ஆகியவை சாதாரண மக்களுக்காக வகை வகையாக எழுதி வைத்திருக்கின்றன. ஆங்கிலம்தான், வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் உட்கார்ந்து படித்துச் சொல்லட்டும். டாடா மெமோரியல் மருத்துவர்களின் முயற்சியில் தொடங்கிய பிரெயின் டியூமர் ஃபவுண்டேஷன் ஆஃப் இந்தியா, நோயாளிகளும் குடும்பத்தாரும் கூடிப் பேச ஏற்பாடு செய்கிறது. ஏற்கெனவே இதே ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவரோடு அரைமணி நேரம் பேசுவது தரும் தைரியம் எந்தப் பக்கத்திலும் கிடைக்காது. உங்கள் டாக்டரிடமே 'யாராவது பேச ஒப்புக்கொள்வார்களா?' என்று கேட்கலாம்.

எண்களைப் படிக்கும்போது ஒன்று. கிளையோமாவிலேயே மிக வேகமான, தரம் 4-ஆன கிளையோபிளாஸ்டோமா என்று தட்டினால் முதலில் வருவது '14.6 மாதம்'. 2005-ல் வெளியான ஆய்வு அது, கதிர்வீச்சோடு டெமோசோலமைடு என்ற கீமோ மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தவர்களில் கண்டது. அது நடுப்புள்ளி. பாதிப் பேர் அதைத் தாண்டி இருந்தார்கள் என்று அர்த்தம், எல்லாருக்கும் அன்றைக்குத் தவணை முடிகிறது என்று அர்த்தமில்லை. அதே ஆய்வில் இரண்டு ஆண்டு முடிந்தபோது நூற்றுக்கு 26 பேருக்கு மேல் உயிரோடு இருந்தார்கள், மாத்திரை இல்லாதவர்களில் பத்துப் பேர் அளவில். கொடுமையான நோய்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் வயது, உடல்நிலை, எவ்வளவு கட்டி எடுக்க முடிந்தது, எம்ஜிஎம்டி நிலை ஆகியவை ஒவ்வொருவர் கணக்கையும் மாற்றும்.

வாட்ஸ்அப்பில் முள் சீத்தாப்பழ இலை வரும், கூடவே அதை விற்கிறவர் நம்பரும் வரும். மனிதர்களிடம் அது மூளைக்கட்டியைக் குணமாக்கியதாக எந்த நிரூபணமும் இல்லை. சித்த மருந்தோ கஷாயமோ எடுப்பதாக இருந்தால் கீமோ கொடுக்கும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். திட்டுவார் என்று மறைத்தால், ரத்தப் பரிசோதனையில் ஈரல் கெட்டிருப்பதாக வரும்போது எதனால் என்று அவருக்குத் தெரியாமல் போய்விடும்.

வைத்தீஸ்வரன்கோயிலுக்கோ வேளாங்கண்ணிக்கோ நாகூருக்கோ போவதைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை. போகிறவர்களுக்கு அது பலம். ஆபரேஷன் தேதியை நாடி ஜோசியரிடம் கேட்டு மாற்றுவதுதான் பிரச்சினை. டாக்டர் கொடுத்த தேதிக்கு முன்பே போய்விட்டு வாருங்கள்.

வீட்டுக்குள்

நம் ஊரில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரைப் பார்க்க ஹார்லிக்ஸ் பாட்டிலோடு கூட்டம் வரும். வருகிற ஒவ்வொருவருக்கும் இதே நோயில் போன ஒருவரைத் தெரிந்திருக்கும், அதை நோயாளி காது கேட்கவே சொல்வார்கள். கெட்ட எண்ணம் கிடையாது, பேச வேறு தெரியாது. வீட்டில் ஒருவரைப் பேசுகிற ஆளாக வைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளையோ சித்தப்பாவோ, கொஞ்சம் முகத்தில் அடித்துப் பேசத் தெரிந்தவராக இருந்தால் நல்லது. விசாரிக்கிறவர்களுக்கெல்லாம் அவர் பதில் சொல்லட்டும், வாசல் திண்ணையிலேயே. 'ஏதாவது உதவி வேணும்னா சொல்லுங்க' என்கிறவரிடம் அப்போதே வேலையைச் சொல்லிவிடுங்கள்: பிள்ளைகளை ஒரு வாரம் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவது, மாட்டைப் பார்த்துக்கொள்வது, சுயஉதவிக் குழுத் தவணையைக் கட்டிவிடுவது. உதவ நினைப்பவர்களுக்கு என்ன செய்வது என்று தெரியாததுதான் பெரும்பாலும் தடை.

மூளைக்கட்டிக்கென்றே ஒரு கஷ்டம் உண்டு, மற்ற நோய்களில் அவ்வளவாக இல்லாதது. ஆளின் குணமே மாறலாம். நெற்றிப் பக்கத்தில் கட்டி இருந்தால் சாதுவாக இருந்தவர் கூசாமல் பேசுவார், பொறுப்பாக இருந்தவர் எதிலும் ஒட்டாமல் உட்கார்ந்திருப்பார். ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுத்து எரிச்சலாக்கும். வலிப்புக்குக் கொடுக்கும் லெவெடிரசெட்டம் மாத்திரை சிலருக்குக் கோபத்தைக் கிளப்பும். இதை மனைவியோ மகளோ தன் மேல் உள்ள வெறுப்பு என்று நினைத்து உள்ளுக்குள் அழுதுகொண்டிருப்பார். டாக்டரிடம் சொன்னால் மருந்தை மாற்றவோ அளவைத் திருத்தவோ வழி இருக்கும். 'குடும்ப விஷயத்தை டாக்டர்கிட்ட எப்படிச் சொல்றது' என்று தயங்க வேண்டாம், அது நோயின் அறிகுறி. கவனித்துக்கொள்கிறவருக்கே மனம் தாங்கவில்லை என்றால் 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸ் ஆலோசகரிடம் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. பொதுவான மருத்துவச் சந்தேகத்துக்கு 104.

நோயாளியிடம் சொல்வதா வேண்டாமா என்று ஒவ்வொரு வீட்டிலும் ரகசிய மாநாடு நடக்கும். 'அவருக்குத் தெரியவேண்டாம் டாக்டர்' என்று கதவுக்கு வெளியே கெஞ்சுவார்கள். பாசத்தில் செய்வதுதான், ஆனால் நான் இதற்கு எதிர்க்கட்சி. தலையை மழித்து, தையல் போட்டு, தினமும் கதிர்வீச்சுக்குக் கூட்டிப்போகிறவரிடம் 'சாதாரணத் தலைவலிதான்' என்று சொன்னால் அவர் நம்பப் போவதில்லை. அவரும் நம்மைக் காப்பாற்றுவதற்காகத் தெரியாததுபோல் நடிக்கத் தொடங்குவார். கட்டி இருப்பதால் போகப்போகப் பேச்சோ முடிவெடுக்கும் தெளிவோ குறையலாம். நிலப் பத்திரம், வங்கிக் கணக்கு, பிள்ளையின் கல்யாணம் ஆகியவற்றில் அவர் விருப்பத்தைக் கேட்க வேண்டுமானால் தெளிவாக இருக்கிறபோதுதான் முடியும். ஒரேயடியாக எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. 'உங்களுக்கு எவ்வளவு தெரிஞ்சுக்கணும்?' என்று அவரிடமே கேட்டு, கேட்கிற அளவுக்குச் சொல்லலாம்.

வலி, வாந்தி, தூக்கமின்மை, நடக்க முடியாமை ஆகியவற்றைக் கவனிக்கும் நோய்த்தணிப்பு மருத்துவம் கடைசி நாட்களுக்கு மட்டுமானது என்று பலர் நினைக்கிறார்கள். சிகிச்சை நடக்கும்போதே அதைச் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இந்தப் பராமரிப்பும் பிசியோதெரபியும் தருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்துவிடுங்கள், அவர்களாக வருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

கதிர்வீச்சு முடிந்த பிறகு வரும் ஸ்கேன்

சிகிச்சை முடிந்த பின்னும் குறிப்பிட்ட இடைவெளியில் எம்ஆர்ஐ எடுத்துக்கொண்டே இருப்பார்கள். கதிர்வீச்சு முடிந்து முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் படத்தில் சில நேரம் கட்டி முன்பைவிடப் பெரிதானது போலவே தெரியும், ரிப்போர்ட்டிலும் அப்படி எழுதிவிடுவார்கள். உண்மையில் வளர்ந்திருக்கவும் கூடும், கதிர்வீச்சால் அந்த இடம் வீங்கிப் பளிச்சென்று தெரிவதாகவும் இருக்கும். ஒரே படத்தை வைத்து இதைப் பிரிப்பது நிபுணர்களுக்கே கடினம், பல நேரம் ஓரிரு மாதம் கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். அதனால் அந்தத் தாளைப் படித்துவிட்டு வீட்டில் முடிவெடுக்காமல், ஆபரேஷனுக்கு முன் எடுத்தது, பின் எடுத்தது என்று பழைய சிடிக்களையெல்லாம் தேதி வாரியாக அடுக்கி, கதிர்வீச்சு கொடுத்த டாக்டரிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள்.